பெட்டியின் மேல் அச்சிடாதவை: டேப்லெட் கேள்வி பதில்

டேப்லெட் வைத்திருப்பவர்கள் தங்கள் குறைகளை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழின் ஒரு மூலையில் நான்கு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வாங்கும்போது கடைக்காரரும் சொல்லாத, பெட்டியின் மேலும் அச்சிட்டிராத ஏதோ ஒன்றைப் பற்றியவை. பலருக்கும் பொதுவாக இருக்கும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகன் 32 ஜிபி டேப்லெட் ஒன்று வாங்கித் தந்தான். முதல் ஆண்டு நன்றாக ஓடியது. இப்போது செய்தித்தாள் செயலியைத் தொட்டுவிட்டு, அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு வந்து பார்த்தாலும் திரை வெள்ளையாகவே நிற்கிறது. கடையில் காட்டினால், "ரேம் பத்தாதும்மா, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். உண்மைதானா? (தேவகோட்டை வாசகி)

பதில்: அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது அம்மா, ஆனால் அந்தப் பாதிக்காக உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. முதலில் பார்க்க வேண்டியது, செயலிகள் ஓடும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகமான ரேமை அல்ல, படங்களும் செயலிகளும் நிலையாகத் தங்கும் சேமிப்பகத்தை. பெட்டியில் 32 ஜிபி என்று போட்டிருந்தாலும், ஆண்ட்ராய்டு இயங்குதளமும் நிறுவனமே ஏற்றி அனுப்பும் செயலிகளும் முதல் நாளே அதில் 10 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. மிச்ச இடத்தை மூன்றாண்டுக் காலை வணக்கப் படங்களும், பேரப்பிள்ளைகளின் காணொளிகளும், புதுப்பிப்புக்குப் புதுப்பிப்பு பெருத்துக்கொண்டே போகும் செயலிகளும் நிரப்பிவிட்டிருக்கும்.

இடம் நிரம்பினால் புதிதாக எதையும் சேமிக்க முடியாது, சரி. வேகம் ஏன் குறைய வேண்டும் என்று கேட்பீர்கள். அது, இந்தச் சேமிப்பகம் செய்யப்பட்டிருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தின் இயல்பு. வகுப்பறைக் கரும்பலகையில் ஒரு வரியை மட்டும் துடைத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை எழுதுவீர்கள். ஃபிளாஷில் அது நடக்காது. ஒரு வரியை மாற்றுவதானாலும் பலகை முழுவதையும்தான் துடைக்க முடியும். ஆகவே, வேண்டிய வரிகளை வேறொரு வெற்றுப் பலகையில் பார்த்து எழுதிக்கொண்ட பிறகே பழைய பலகையைத் துடைக்க வேண்டியிருக்கிறது. வெற்றுப் பலகைகள் ஏராளமாக இருக்கும்வரை இந்த வேலை யார் கண்ணிலும் படாது. அவை தீரும் நிலைக்கு வந்துவிட்டால், நீங்கள் செய்தித்தாளைத் தொடும் அந்த நேரத்தில்தான் கருவி பலகை தேடி அலையும். விலை குறைந்த டேப்லெட்டுகளில் இருப்பது பெரும்பாலும் இஎம்எம்சி என்ற வகைச் சேமிப்பகம். விலை கூடியவற்றில் வரும் யுஎஃப்எஸ் வகையைவிட இது மெதுவானது. எத்தனை ஜிபி என்பதைப் பெட்டியில் கட்டை விரல் அளவுக்கு அச்சிடுகிறார்கள். எந்த வகை என்பதைப் பெரும்பாலும் சொல்வதே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். படங்களையும் காணொளிகளையும் மெமரி கார்டுக்கு மாற்றி, மொத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மூன்று இரவுகள் கருவியை அணைத்துவிடாமல், சார்ஜில் போட்டு, தொடாமல் விடுங்கள். எந்தெந்த இடங்கள் இனி வேண்டாதவை என்று சேமிப்பகத்துக்கு எடுத்துச் சொல்லும் டிரிம் என்ற வேலை, 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.3 முதல், கருவி இப்படிச் சும்மா கிடக்கும் நேரம் பார்த்துத்தான் நடக்கிறது. அமைப்புகளில் 'கூடுதல் ரேம்' என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை அணைத்து வையுங்கள். அது ரேமே அல்ல. ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அதே சேமிப்பகத்தில் இருந்து கடன் வாங்கி, அதற்கு ரேம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். விளம்பரங்களில் 4 ஜிபி கருவி 8 ஜிபி ஆவது இந்த வித்தையால்தான்.

கேள்வி: சார்ஜ் போட்டிருக்கும்போது டேப்லெட்டின் பின்பக்கத்தைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது. திரையும் தானாகவே எதையாவது தொட்டுத் திறந்துகொள்கிறது. நேற்று யாருக்கோ தானாக அழைப்புப் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் ஏதோ வைரஸ் என்கிறார்கள். (தையல் நிலைய உரிமையாளர், திருப்பூர்)

பதில்: வைரஸ் இல்லை. இரண்டு குறைகளுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. அது டேப்லெட்டில் இல்லை, சார்ஜரில் இருக்கிறது.

போன மாதம் இதே புகாரோடு என் அக்கா தன் டேப்லெட்டைக் கொண்டுவந்தார். அதன் அலுமினியப் பின்பக்கத்தில் மின் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். உள்ளிருக்கும் நியான் விளக்கு மங்கலாக எரிந்தது. பிளாஸ்டிக் செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டபோது ஒன்றுமே தெரியவில்லை. மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்று, விரல் நுனியால் மெல்லத் தடவியபோதுதான் தோலில் அந்த நடுக்கம் தெரிந்தது. பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு, அதே கேபிளைப் பவர் பேங்கில் செருகினேன். டெஸ்டர் எரியவில்லை, நடுக்கம் இல்லை, திரையும் சாதுவாக இருந்தது.

நடப்பது இதுதான். இரண்டு முள் சார்ஜர்களுக்கு எர்த் இணைப்புக் கிடையாது. அவற்றின் உள்ளே 230 வோல்ட் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் இணைத்து, மின்காந்த இரைச்சலை அடக்குவதற்காகச் சிறிய மின்தேக்கி ஒன்றை வைப்பார்கள். அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். ஒழுங்காகச் செய்த சார்ஜரில் அது கால் மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது தர விதி. அந்த அளவு உடலுக்குக் கேடு செய்யாது. ஆனால் சாலையோரத்தில் 100 ரூபாய்க்கு விற்கும் சார்ஜரில் அந்த மின்தேக்கி எந்தத் தரத்தில் இருக்கிறது என்பதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அது பழுதானால், முழு வீட்டு மின்சாரமும் உலோகப் பின்பக்கத்துக்கு வந்து சேர வழி இருக்கிறது. திரை தானாக இயங்குவதற்கும் இதுவே வேர். விரல் தொடும்போது ஏற்படும் மிக நுண்ணிய மின் மாற்றத்தை அளந்துதான் திரை தொடுகையை உணர்கிறது. சார்ஜர் அனுப்பும் இரைச்சல் அந்த அளவீட்டுக்குள் புகுந்துவிட்டால், யாரும் தொடாத இடத்திலும் அது விரலைக் காண்கிறது.

பவர் பேங்க் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். அதில் தொல்லை நின்றுவிட்டால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் அதன் கீழே ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் உள்ள சார்ஜராகப் பார்த்து மாற்றுங்கள். பவர் பேங்கிலும் திரை தானாக ஓடினால் மட்டும் கருவியைப் பழுது பார்க்கக் கொடுக்கலாம்.

கேள்வி: இரவு முழுவதும் சார்ஜ் போட்டாலும் 90 விழுக்காட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. பையன் விளையாடிக்கொண்டே சார்ஜ் போட்டால் ஏறவே இல்லை. பேட்டரி போய்விட்டதா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: பழைய கைபேசியின் சார்ஜரைப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 8,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் ஏறத்தாழ 31 வாட் மணி. 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜர் தருவது 5 வாட். வீணாவதைக் கணக்கில் சேர்க்காவிட்டாலே ஆறு மணி நேரம் ஆகும். சேர்த்தால் எட்டு மணி நேரத்தை நெருங்கும். பையன் விளையாடும்போது பெரிய திரையும் செயலகமும் (பிராசசர்) ஏறக்குறைய அந்த 5 வாட்டையும் தின்றுவிடுகின்றன. ஏறுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்? கருவியோடு வந்த சார்ஜரையும், மெல்லியதாக இல்லாத கேபிளையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: எங்கள் மருந்துக் கடையில் பில் போடுவதற்கு ஒரு டேப்லெட்டைக் கல்லாவின் மேல் நிரந்தரமாக வைத்திருக்கிறோம். இரண்டு வாரமாக, மேசையில் வைத்துத் தொட்டால் பம்பரம் போலச் சுற்றுகிறது. திரையின் ஓரமும் லேசாகத் தூக்கி நிற்கிறது. ஃபெவிகுயிக் போட்டு ஒட்டிவிடலாமா? (கும்பகோணம்)

பதில்: தயவுசெய்து ஒட்டாதீர்கள், அழுத்தவும் செய்யாதீர்கள். இந்த இதழின் கேள்விகளில் உடனே கவனிக்க வேண்டியது இது ஒன்றுதான். தட்டையாக இருந்த பின்பக்கம் வயிறு தள்ளியதால்தான் கருவி சுற்றுகிறது. உள்ளே லித்தியம் அயன் பேட்டரி வாயுவால் உப்பியிருக்கிறது. கருவியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, தீப்பிடிக்கக்கூடிய பொருள்கள் இல்லாத இடத்தில் வையுங்கள். உப்பிய பேட்டரியில் ஆணியோ திருப்புளியோ பட்டால் தீப்பிடிக்கும். நிறுவனத்தின் சேவை மையத்திலேயே மாற்றுங்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.

ஆண்டு முழுவதும் 100 விழுக்காட்டிலேயே, அதுவும் நம் ஊர் வெயிலில், மின்விசிறி எட்டாத ஒரு கல்லாவின் மேல் நிற்பதைப் போல ஒரு லித்தியம் பேட்டரிக்குப் பகை வேறில்லை. முழுச் சார்ஜும் வெப்பமும் சேரும்போதுதான் உள்ளிருக்கும் மின்பகு திரவம் விரைவாகச் சிதைந்து வாயுவாகிறது. பல கருவிகளின் அமைப்புகளில், 80 அல்லது 85 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் பேட்டரிப் பாதுகாப்பு வசதி இருக்கிறது. கடையில் வைக்கும் கருவிக்கு அதை முதல் நாளே போட்டுவிட வேண்டும். அந்த வசதி இல்லாத கருவியைக் கல்லாவுக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: திரை 2000 × 1200 புள்ளிகள் என்றுதான் வாங்கினேன். யூடியூப் பளிச்சென்று இருக்கிறது. காசு கட்டிப் பார்க்கும் படங்கள் மட்டும் கலங்கலாகத் தெரிகின்றன. (சேலம் கல்லூரி மாணவர்)

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது உங்கள் சந்தா. எடுத்துக்காட்டாக, நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் திட்டத்தில் படம் 480பி என்ற குறைந்த தரத்தில் மட்டுமே வரும். எத்தனை புள்ளித் திரையானாலும் அதற்கு மேல் கிடைக்காது. இரண்டாவது வைட்வைன் என்ற திருட்டுத் தடுப்பு ஏற்பாடு. இதில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. படத்தின் பூட்டைத் திறக்கும் வேலை செயலகத்தின் பாதுகாப்பான ஒரு பகுதிக்குள்ளேயே நடக்குமானால் அது எல்1. வெறும் மென்பொருளில் நடந்தால் எல்3. எல்3 கருவிகளுக்குப் பெரும்பாலான ஓடிடி நிறுவனங்கள் உயர்தரப் படத்தை அனுப்புவதில்லை. யூடியூபின் சாதாரணக் காணொளிகளுக்கு இந்தப் பூட்டு இல்லாததால் அவை தெளிவாக இருக்கின்றன. எந்த நிலை என்பதை நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்புகளில் ஒளிபரப்பு விவரம் காட்டும் பக்கத்தில் பார்க்கலாம்; டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலியும் சொல்லும். எல்3 என்று வந்தால் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. எல்3 கருவிக்கு 2000 புள்ளித் திரை போட்டு விற்பது, பூட்டிய மாடிக்குப் பளிங்குப் படி கட்டுவது போன்றது.

கேள்வி: கைபேசியின் எழுத்துகள் சிறிதாக இருப்பதால் டேப்லெட் வாங்கினேன். இதில் ஜிபே வரவில்லை, வாட்ஸ்அப்பும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியே தள்ளுகிறது. (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்)

பதில்: நீங்கள் வாங்கியது சிம் இல்லாத, வைஃபை மட்டும் உள்ள கருவி என்பது தெரிகிறது. யுபிஐ செயலிகள், வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அதே கருவியில் இருக்கிறதா என்பதை அக்கருவியில் இருந்தே ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் உறுதி செய்துகொள்கின்றன. இது உங்கள் பணத்தின் பாதுகாப்புக்கான ஏற்பாடு. குறுக்கு வழி தேடாதீர்கள். சிம் போடும் டேப்லெட்டுகளிலும் சில இணையத்துக்கு மட்டுமே இடம் கொடுக்கும், குறுஞ்செய்தியும் அழைப்பும் வராது என்பதால், வாங்குமுன் கடையிலேயே சிம்மைப் போட்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பார்ப்பது நல்லது.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, டேப்லெட் உங்கள் கைபேசியோடு இணைந்த துணைக் கருவி மட்டுமே. கைபேசியில் 14 நாள் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். எழுத்துச் சிறிதாக இருக்கிறது என்று கைபேசியைத் தொடாமலே இருக்கிறீர்கள் போலும். வாரம் ஒருமுறை அதில் ஒரு நிமிடம் திறந்து மூடினால் போதும். இதைப் பெரிய குறையாக நினைக்காதீர்கள்: ஐபேட் 2010இல் விற்பனைக்கு வந்தது, அதற்கென்று வாட்ஸ்அப் செயலி வந்ததோ 2025 மே மாதத்தில்தான்.

கேள்வி: மகளுக்காக ஓர் இணையவழிப் பயிற்சி நிறுவனத்தில் பெருந்தொகை கட்டிச் சேர்ந்தோம். பாடங்களோடு டேப்லெட்டும் தந்தார்கள். படிப்பு முடிந்துவிட்டது. இப்போது அதைத் திறந்தால் அவர்களுடைய பக்கத்தைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது. (மதுரை)

பதில்: உங்களைப் போலவே இன்னும் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களுக்குத் தரும் கருவிகளைத் தொலைவில் இருந்தே கட்டுப்படுத்துவதற்கென்று ஏற்பட்ட நிர்வாக மென்பொருளை, பணம் கொடுத்து வாங்கிய குடும்பத்தின் கருவிக்குள் வைத்திருக்கிறார்கள். கருவியின் வரிசை எண் அவர்களது பெயரில் இணையத்தில் உள்ள வழங்கியில் (சர்வர்) பதிவாகியிருக்கும். நீங்கள் எத்தனை முறை ரீசெட் செய்தாலும், முதன்முதலாக வைஃபை கிடைத்ததும் கருவி அந்த வழங்கியைக் கேட்கும். "இது எங்களுடையது" என்று பதில் வரும். பழைய பூட்டு மறுபடி விழும். பதிவை நீக்க அவர்களால் முடியும், சில நிமிட வேலை. செய்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ரசீதை எடுத்துப் பாருங்கள். டேப்லெட்டுக்குத் தனியே விலை போட்டிருந்தாலோ, பாடத்திட்டத்தோடு சேர்த்து விற்றதாகக் குறிப்பிட்டிருந்தாலோ, கருவி உங்களுடையது. வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, பதிவை நீக்கும்படி நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் பேசினால் சான்று இருக்காது. பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை; 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய டேப்லெட்டைக் கைமாற்றாக வாங்குபவர்களுக்கும் இதையொட்டி ஒரு வார்த்தை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கை நீக்காமல் ரீசெட் செய்த கருவி, அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். விற்பவர் எதிரிலேயே கணக்கை நீக்கச் செய்து, ரீசெட் போட்டு, உங்கள் வைஃபையில் முதல் பக்கம் வரை கொண்டுபோன பிறகே பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: நான் பிழை திருத்துநர். எழுத்தாளர்கள் அனுப்பும் வேர்ட் கோப்புகள் கணினியில் தமிழாகத் தெரிகின்றன; டேப்லெட்டில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது. (யாழ்ப்பாணம்)

பதில்: அந்தக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஆங்கிலமாகவும், புள்ளி வைக்க வேண்டிய இடங்களில் எல்லாம் அரைப்புள்ளியாகவும் தெரிந்தால் ஐயமே வேண்டாம். பாமினி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு முந்தைய முறை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. கணினியில் அதை நிறுவியிருப்பதால் தமிழாகத் தெரிகிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் வேர்ட் செயலிக்கென்று எழுத்துரு ஒன்றை நிறுவுவது எளிதில் நடக்காது. படிப்பதற்கு மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். அதில் எழுத்துரு உள்ளேயே பதிந்து வரும். திருத்துவதற்கு என்றால் யுனிகோடுக்கு மாற்றித் தருமாறு கேட்பதைத் தவிர வழியில்லை. மாற்றிகளில் 'ஒ', 'ஓ' கொம்புகள் இடம் மாறுவது வழக்கம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டேப்லெட்டைக் கிடையாகப் பிடித்தால் விசைப்பலகை பாதித் திரையை மறைக்கும் என்பதையும் எழுதியிருந்தீர்கள். நெடுகப் பிடித்துத் தட்டச்சிடுங்கள். அல்லது விசைப்பலகையின் மிதக்கும் வடிவத்தை எடுத்து ஒரு மூலைக்குத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: 2013இல் வாங்கிய டேப்லெட் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் பல இணையப் பக்கங்கள் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று திறக்க மறுக்கின்றன. நன்றாக இருக்கும் பொருளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. (தஞ்சாவூர்)

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குள் இருக்கும் நம்பிக்கைப் பட்டியல்தான் காலாவதியாகிவிட்டது. ஒரு தளம் உண்மையானதா என்பதைச் சான்றிதழ் பார்த்துத்தான் உலாவி முடிவு செய்யும். எந்தச் சான்றளிப்பவரை நம்பலாம் என்ற பட்டியல் இயங்குதளத்தோடு வருகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றளிப்பு நிறுவனத்தைப் பழைய கருவிகள் நம்புவதற்கு ஆதாரமாக இருந்த மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று முடிந்துபோனது. 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டுகளின் பட்டியலில் புதிய மூலச் சான்றிதழ் இல்லை. தேதியைப் பின்னுக்கு மாற்றினால் திறக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதைச் செய்து, அந்தக் கருவியில் வங்கிக் கணக்கோ மின்னஞ்சலோ திறந்துவிடாதீர்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு, மெமரி கார்டில் பாட்டுகளையும் பிடிஎஃப் புத்தகங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பாடுவதற்கும் படிப்பதற்கும் அது யாரிடமும் சான்றிதழ் கேட்காது. பின்பக்கம் உப்பாமல் இருக்கிறதா என்பதை மட்டும் மாதம் ஒருமுறை மேசையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள்.